குடிக்காதவரின் மகள்

கொடகொடவென்று ஒரு சத்தம். இருட்டில் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதோ என்று நினைத்தேன், ஆனால் வீட்டு ஓனர் ஏழு மணிக்கே மோட்டாரை நிறுத்திவிடுவார். பூனையாக இருக்கலாம், பூனை இப்படிக் கொடகொடக்காது. கொஞ்சம் நின்றது, மறுபடி உறுமியது, பிறகு நீளமாக ஒரு ஊளை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அப்புறம்தான் உறைத்தது, சத்தம் எனக்குள்ளிருந்து வருகிறது. என் வயிறுதான். மூன்று டம்ளர் உள்ளே போயிருக்கிறது, இன்னும் ஐந்து. கால் மணிக்கு ஒன்றாக இரண்டு லிட்டர், பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும், குடல் கழுவிவிட்ட தரை மாதிரி இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள், இல்லாவிட்டால் காமிராவுக்கு ஒன்றும் தெரியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு மாத்திரை மாதிரி இருக்கும் ஒரு காமிராவை நான் விழுங்க வேண்டும். அது எட்டு மணி நேரம் என் சிறுகுடல் முழுக்க ஊர்ந்துபோய்ப் படம் எடுக்கும், இடுப்பில் கட்டிவிடுகிற பெல்ட்டில் படங்கள் சேரும். சாயங்காலம் இதை ஜெஃபியிடம் சொன்னேன், என் மகள், நாலு வயசு. "வயித்துக்குள்ள போயி செல்ஃபி எடுக்குமாம்மா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப குடலைச் சிரிக்கச் சொல்லு" என்றாள். இப்போது அவள் தன் அப்பா மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். சாப்பாட்டு மேஜையில் நானும் ஜக்கும் எவர்சில்வர் டம்ளரும் பள்ளிக்கூடத்துப் பாடக்குறிப்பு நோட்டும். முன்பக்கங்களில் பிளஸ் ஒன் விலங்கியல், கடைசிப் பக்கங்களில் இது. எழுதாவிட்டால் ஜக்கையே பார்த்துக்கொண்டிருப்பேன், ஜக்கைப் பார்த்தால் சிங்க் ஞாபகம் வரும். சரி, அதையும் எழுதிவிடுகிறேன். தினமும் படுக்கும் முன் மனச்சோதனை செய்ய வேண்டும், செய்த தப்பை மழுப்பாமல் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும் என்று கான்வென்ட்டில் பழக்கியிருக்கிறார்கள்: போன மாதம் இதே மருந்தில் பாதியை சிங்கில் ஊற்றிவிட்டு, வாந்தி எடுத்துவிட்டேன் என்று ஆஸ்பத்திரிக்குப் பொய் சொன்னேன். அதற்கு முந்தின தடவை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் நிஜம்தான், தொண்ணூற்றொன்பது. இது மூன்றாவது தடவை.

நான்காவது டம்ளர். எலுமிச்சை மணம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறது, எலுமிச்சையைக் கடல் தண்ணீரில் அலசி அந்தத் தண்ணீரைக் கொடுத்த மாதிரி இருக்கிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். பயம் என்று எழுதிப் பார்த்தால் பயம் சின்னதாகும் என்று நினைத்தேன், ஆகவில்லை. பயம் இதுதான், அப்பாவின் குடலில் இருந்தவை எனக்குள்ளும் இருக்கின்றனவா. பத்தொன்பது. மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்த துண்டை விரித்து எண்ணியபோது பத்தொன்பது கட்டிகள், மிளகு அளவில் சில, கொண்டைக்கடலை அளவில் சில, அதற்குள் ஈரலுக்கும் போயிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் அக்கா ரெஜினா அத்தைக்கும் இருப்பது தெரிந்தது, ஏழு. ஒரே குடும்பத்தில் இரண்டு பேருக்கு என்றால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்வது நல்லது என்று அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் கமருன்னிசா அப்போதே சொன்னார். பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார். பாதிக்குப் பாதி என்றால் காசைச் சுண்டுகிற மாதிரி, எனக்கு ஒரு தடவை, எனக்கு விழுந்தால் ஜெஃபிக்கு இன்னொரு தடவை, இந்த இரண்டாவது சுண்டலில்தான் என் கை ஒவ்வொரு முறையும் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறது. போன வாரம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது கழுத்திலிருந்து சூடு ஏறியது. "மிஸ், மூஞ்சியெல்லாம் செவந்திருக்கு" என்றாள் முன் பெஞ்சு ஷெர்லின். பின்னாலிருந்து ஒருத்தி, "சார் மெசேஜ் பண்ணிருப்பாருடி" என்றாள், வகுப்பே சிரித்தது, நானும் சிரித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய்க் கண்ணாடி பார்த்தேன். மதுரை வெயில், ஃபேன் ஓடாத வகுப்பு, என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், டாக்டரும் போனில் அதைத்தான் சொன்னார். ஆனால் கண்ணாடியில் இருந்தது அப்பா முகம். எனக்குத் தெரியாதா அந்தச் சிவப்பு, அதன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான்.

டாக்டர் கமருன்னிசா ஒரு முறை மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார், நான் விலங்கியல் டீச்சர் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரே உற்சாகம். குடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவற்றை நானும் வருஷாவருஷம் கலர் சாக்பீஸில் போர்டில் வரைகிறேன், விரல்களுக்கு நடுவே இருக்கிற குழிகளை மட்டும் ஒரு கோட்டோடு விட்டுவிடுவேன், பரீட்சையில் அவ்வளவாக வராது. "அங்கதாம்மா எல்லாமே இருக்கு" என்றார். குழி ஒவ்வொன்றின் அடியிலும் சில ஸ்டெம் செல்கள். தமிழில் குருத்தணு என்று எழுதுகிறார்கள், எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது, வாழையின் நடுவில் சுருண்டு நிற்கிற குருத்து மாதிரி. அவை ஓயாமல் பிள்ளை பெறுகின்றன. பிள்ளைகள் குழிச்சுவரைப் பிடித்து மேலே ஏறுகிறார்கள், ஏறுகிற வழியிலேயே யார் என்ன வேலைக்குப் போவது என்று தீர்மானமாகிறது, பெரும்பாலானவர்கள் சத்தை உறிஞ்ச, சிலர் வழவழப்பைச் சுரக்க, நூற்றில் ஒருத்தி ஹார்மோன்காரி. அவள் சாப்பாட்டை ருசி பார்த்து நரம்புக்குச் சேதி சொல்கிறாள், செரட்டோனின் என்று ஒன்றைச் சிட்டிகை சிட்டிகையாக விடுகிறாள். உச்சிக்குப் போனதும் உதிர்ந்துவிடுகிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு நாலைந்து நாள்தான் ஆயுசு, போன ஞாயிற்றுக்கிழமை எனக்கிருந்த குடல் தோல் இன்றைக்கு இல்லை. ஆனால் சில குடும்பங்களில், ஹார்மோன்காரியாகப் போக வேண்டிய ஒருத்தி ஏறாமல் அடியிலேயே உட்கார்ந்துவிடுகிறாளாம். சத்தமில்லாமல், வருஷக்கணக்கில், தன்னைப் போலவே பிள்ளைகளைப் பெற்றுக்கொண்டு. இங்கே ஒருத்தி, எட்டத்தில் இன்னொருத்தி. அப்பாவின் பத்தொன்பதும் ஒன்றிலிருந்து ஒன்று பரவியவையாகத் தெரியவில்லை, தனித்தனியாகத் தொடங்கியிருக்கும் போல என்றார். "எந்த செல்லுல ஆரம்பிக்குதுங்கறதுல எங்களுக்குள்ளயே சண்டைம்மா. வளந்து முடிஞ்ச ஹார்மோன் செல்லுதான்னு ஒரு கட்சி. இல்ல, குழியோட அடியிலயே, குருத்தணு கிட்டயே ஆரம்பிக்குதுன்னு ஒரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி" என்று ஓட்டுக் கேட்கிற மாதிரி சிரித்தார். நானும் அவர் கட்சிக்கே போட்டுவிட்டேன். ஏனென்றால் உதிர்கிறவை உதிர்ந்துவிடும், பதிமூன்று வயசில் எனக்கிருந்த குடல் எத்தனையோ நூறு முறை உதிர்ந்து போயிருக்கும், நான் செய்த காரியமும் அதோடு போயிருக்க வேண்டும், போகவில்லை. அடியில் இருப்பவை இருக்கின்றன. அந்தக் காலையில் வேனுக்குள் என்னோடு அவையும் இருந்தன.

அப்பா பெயர் தஸ்நேவிஸ் கொரைரா. தூத்துக்குடியில் எங்கள் கான்வென்ட் வேனை ஒன்பது வருஷம் ஓட்டினார், ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. நல்ல சிவந்த நிறம், அந்த நிறத்தில் சூடு ஏறினால் மறைக்க வழியில்லை. முன் சீட்டு டிரைவர் மகளுக்கு என்பது எழுதாத சட்டம், அதில் எனக்கு ராணி மாதிரி கெத்து. எட்டாம் வகுப்பு, பிரேயர் மணிக்கு முன்னால் வேன் கேட்டுக்குள் வந்து நிற்கிறது, ஹெச்.எம். சிஸ்டர் இக்னேஷியா அப்பா பக்கத்து ஜன்னலில் வந்து நிற்கிறார். டிரைவர் முகம் காலையிலேயே சிவந்து கிடக்கிறது என்று எந்தப் பெற்றோரோ சொல்லியிருக்கிறார்கள். "தஸ்நேவிஸ், இறங்குங்க. ஊதுங்க." இருபத்திரண்டு பிள்ளைகள் எட்டிப் பார்க்க, என் அப்பா ஒரு கன்னியாஸ்திரீயின் முகத்துக்கு நேராக வாயைக் குவித்து ஊதினார். ஒரு வாடையும் இல்லை. சிஸ்டருக்கே குழப்பம், அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு, இப்போது தெரிகிறது, மனசு பதறினால் உள்ளே இருக்கிற கட்டிகள் ஹார்மோனை இன்னும் கொட்டும், முகம் சிவக்கும், வயிறு போகும். அவமானத்தில் அப்பா முகம் காதுவரை ரத்தமாகிவிட்டது, கண் கலங்கியது, வயிறும் கலக்கியது, அதுவும் அதே நோய்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக் கக்கூஸைப் பார்த்து ஓடினார். ஓடியதே சாட்சியாகிவிட்டது. "குடிச்சதைக் கக்கப் போறாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் என் பக்கத்து ஜன்னல் வழியாகப் புங்க மரத்தைப் பார்த்தேன். அதில் எத்தனை கிளை என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள், தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தார்கள், ஒரே ஒரு நிபந்தனை, குடிவிலக்குச் சத்தியம். எங்கள் பங்குக் கோவிலில் தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் குடிகாரர்களை வரிசையாகப் பீடத்துக்கு முன்னால் நிறுத்துவார்கள், வேதாகமத்தின் மேல் கை வைத்து, இனி தொட மாட்டேன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும், சாமியார் ஒரு அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், வருஷாவருஷம் வந்து புதுப்பிக்க வேண்டும். "செய்யாத பாவத்துக்கு எதுக்கு நிக்கணும்?" என்று அம்மா அழுதாள். "வேலை போனா பிள்ளைக்கு சீட்டும் போகும். போட்டும் விடு, நிண்டா காலா தேஞ்சிரும்?" என்றார் அப்பா. ஏழு பேரில் ஆறாவதாக நின்றார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், தள்ளாடாமல் நின்ற ஒரே ஆள்.

ஐந்தாவது டம்ளர் இறங்கிவிட்டது, ஒரு முறை ஓடிப்போய்விட்டு வந்தும் உட்கார்ந்துவிட்டேன். எங்கே விட்டேன். ஆமாம், நான் நம்பினேன். அதுதான் எழுத வேண்டியது. ஊர் நம்பியது, சிஸ்டர் நம்பினார், அது போகட்டும், நானும் என் அப்பா குடிக்கிறார் என்று நம்பினேன். ராத்திரி அவர் தூங்கும்போது எழுந்துபோய் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து மோந்து பார்ப்பேன். பல்பொடி வாடை வரும். ஒரு மாதம் பார்த்தேன், பல்பொடியைத் தவிர வேறொன்றும் வரவில்லை, அப்படியும் நம்பவில்லை, சாமர்த்தியமாக மறைக்கிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் பார்த்தால், எங்கள் ஊரில் மகளைக் கூப்பிடுகிற மாதிரி, ஏளா என்று கூப்பிடாதீங்க என்று சொன்னேன். சரி என்றார். கையில் ஹோஸோடு நான் வராந்தாவைக் கடக்கும்வரை செடிக்குள் குனிந்துகொள்வார். வீட்டில் மட்டும் கூப்பிடுவார், அந்த அட்டையைப் புதுப்பித்துவிட்டு வந்து, "ஏளா, குடிக்காதவனுக்கு இந்தச் சத்தியம் ரொம்ப லேசு, ஊர்ல இதை மீறாத ஒரே ஆம்பளை உங்கப்பன்தான்" என்று காட்டுவார். எட்டு வருஷம். பிறகு நான் மதுரையில் பி.எட். படிக்கும்போது அவர் எலும்பும் தோலுமாக வந்து நின்றார், யாரோ சொல்லி டாக்டர் கமருன்னிசாவிடம் கூட்டிப்போனேன். பழக்கம் உண்டா என்று அவர் கேட்டார். "சத்தியம் பண்ணிருக்கேன் டாக்டர்" என்று அப்பா சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதைப் படித்தார், அப்பா முகத்தைப் பார்த்தார், மறுபடி படித்தார், அப்பா முகம் அப்போது ஏறிக்கொண்டிருந்தது. "இப்படி அடிக்கடி செவக்குமா? அப்பல்லாம் வயிறு போகுமா?" என்று கேட்டார். எட்டு வருஷமாக அந்தக் கேள்வியை ஒரு ஆளும் கேட்கவில்லை. ஊதச் சொன்னார்கள், உள்ளே பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, வேண்டாம், அடுத்தவர்களை எழுதாதே, எனக்கும் தோன்றவில்லை.

குடலைக் கழுவ அப்பாவுக்கும் இதே மருந்தைத்தான் கொடுத்தார்கள். ஒரே மூச்சாக டம்ளர் டம்ளராக இறக்கிவிட்டு, "போச்சுளா சத்தியம், ரெண்டு லிட்டர் குடிச்சிட்டேன்" என்றார், பக்கத்துக் கட்டில்காரர் இருமி இருமிச் சிரித்தார். நோயின் பெயரைச் சொன்னபோதும் அவர் கேட்டது வேறு, "டாக்டர், மூஞ்சி செவக்கறது சாராயத்தால இல்லன்னு ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா?" டாக்டர் முத்திரை வைத்துக் கொடுத்தார். ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போனதும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சிஸ்டர் இக்னேஷியாவைப் பார்க்கப் போனார், அவர் ஓய்வு பெற்று மடத்து இல்லத்தில் இருந்தார். நான் வெளியே நின்றேன். பத்து நிமிஷத்தில் வந்துவிட்டார். என்ன சொன்னாங்க என்று கேட்டேன். "படிச்சாங்க." அப்புறம்? "உக்காருங்கன்னாங்க." அப்புறம்? "உக்காந்தேன்." அவ்வளவுதான், ஆனால் அன்றைக்குத் தெருவில் நடந்த நடை இருக்கிறதே, துறைமுகத்துக்குள் வருகிற கப்பல் மாதிரி. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், தெருமுழுக்க, பி.எட். படிக்கிற பெண். ஏளா என்று கூப்பிடுங்கப்பா, சத்தமா கூப்பிடுங்க என்றேன். கூப்பிட்டார், ஐஸ் விற்கிறவர் திரும்பிப் பார்த்தார். மாதம் ஒரு ஊசி, எட்டு வருஷம் இருந்தார், ஜெஃபியைத் தோளில் போட்டுத் தூங்க வைத்தார். கட்டித் துண்டுகளை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டபோது, "எம் பேரு போடுவீங்களா?" என்றார். பேர் போட மாட்டோம், நம்பர்தான் என்றார்கள். "என்ன நம்பர்?" நாலு என்றதும், "எனக்கு முன்னால மூணு பேருதானா?" என்று மார்பை நிமிர்த்திக் கையெழுத்துப் போட்டார். அந்த நோய் எந்த செல்லில் தொடங்குகிறது என்று உலகத்துக்கே தெரியாத ஒன்றை, எங்கேயோ ஒரு கண்ணாடித் துண்டில் அவர் கட்டியை வைத்து, என் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம் முன்னால் சாகும்போது அந்த அட்டையில் பதினாறு கையெழுத்து. நோய் தெரிந்த பிறகும் எதற்குப்பா புதுப்பிக்கிறீங்க என்று கேட்டதற்கு, "நடுவுல நிறுத்துனா குடிக்க ஆரம்பிச்சுட்டான்னு சொல்லுவாங்கல்லா" என்றார்.

ஆறாவது டம்ளரை ஊற்றி வைத்துவிட்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை, ரெக்ஸ்லின் வந்து விளக்கடியில் நிற்கிறார், லுங்கியை இடுக்கிக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. என் வீட்டுக்காரர், திண்டுக்கல்காரர், கோழிக்குஞ்சு மாதிரி மனசு. "இன்னும் எத்தனை இருக்கு?" என்றார். மூன்று. டம்ளரை எடுத்து முகர்ந்தார், நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தார். "ஏய், இது பாத்ரூம் கழுவுறது மாதிரி இருக்கு செல்சி." அதுக்குத்தானே என்றேன். சிரித்தார், எதிரே உட்கார்ந்தார், என் கையைத் தொட்டார், "ரொம்ப பயமா இருந்தா இந்த மாசமும் வேணாம். ஜெஃபி கொஞ்சம் பெருசாகட்டும். நான் போன் பண்ணி ஏதாவது சொல்லிக்கறேன்" என்றார். எவ்வளவு அன்பு. அந்த அன்பு எனக்குள் சர்க்கரை மாதிரி கரைந்தது, ஆமாம், பெருசாகட்டும், யூ.கே.ஜி. முடியட்டும், ஒன்றாம் வகுப்பு முடியட்டும், சிங்க் நாலு அடி தூரம்தான். ஜெஃபியின் குழிகளுக்குள் இந்த நேரத்தில் யார் ஏறுகிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்குத் தெரியும், அவள் பெருசாகி எட்டாம் வகுப்பில் ஒரு நாள் காரணமில்லாமல் முகம் சிவந்து நிற்கட்டும், நான் பார்க்காத குடலோடு பக்கத்தில் நின்று என்ன சொல்வேன், வெயில் என்பேனா. சின்னதாக இருக்கும்போதே கண்டால் வெட்டி எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அப்பாவுக்கு அந்த எட்டு வருஷத்தை எடுத்துக்கொண்டது நோய் மட்டுமா, பார்க்காமல் இருந்தோமே அதுவும்தான். இருந்தால் இருக்கட்டும், இருந்தால் அது கொரைரா வீட்டுச் சொத்து, அவமானம் இல்லை, எண்ணித் தெரிந்துகொள்வேன். "என்னங்க, யாரும் யாருக்கும் போன் பண்ண வேணாம்" என்றேன். "எங்கப்பா ஒரே மூச்சில குடிச்சாரு."

ஆறு. ஏழு. நடுவில் விடாமல் குடித்தேன், முதுகு நேராக, டம்ளரை வைக்கும்போது மேஜை அதிர்ந்தது. எட்டாவதுக்கு ரெக்ஸ்லின் ஜக்கைக் கவிழ்த்துத் தட்டினார், கடைசிச் சொட்டுவரை, கோவிலில் மெழுகுவர்த்தி பிடிக்கிற பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. பதினொன்று ஐம்பது. குடித்தேன். வயிறு ஒரு கணம் யோசித்தது. பிறகு யோசிக்கவில்லை. நோட்டையும் பேனாவையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறேன், புடவைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, சிரிப்பு வருகிறது, ஓடுகிறேன் என்று சிரிப்பு வருகிறது, இப்படித்தானே அவரும் ஓடினார், வெட்கப்பட என்ன இருக்கிறது இதில், குடல் தன் வேலையைச் செய்கிறது. "தாழ்ப்பாள் போடாத செல்சி, மயக்கம் கியக்கம் வந்துட்டா நான் எப்படி உள்ள வர்றது?" என்று பின்னாலேயே வருகிறார். "கொரைரா மகளுக்கு மயக்கம் வராது, நீங்க போய்ப் பிள்ளைகிட்டப் படுங்க" என்றேன். கக்கூஸில் சுவர் விளக்கு எரிகிறது, முழங்காலில் நோட்டு. வெளியே அவர் இன்னும் போகவில்லை, மூச்சு கேட்கிறது. கை எட்டித் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுவிட்டேன்.